இடப்பக்க வடிகால்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவர் ஓர் அடைப்பைப் பற்றித்தான் பேசினார். ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குக் காத்திருந்தபோது, அரை மணிநேரம். பழைய காரின் முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் வழி எப்படி அடைத்துக்கொள்ளும், அதை எப்படித் திறக்க வேண்டும் என்று கைகளால் காட்டிக் காட்டிச் சொன்னார். 1988, நவம்பர், ஓஸ்டர்முண்டிகன் என்ற சுவிஸ் ஊர். ஒரே நாளில் அதைத் திறக்க அத்தனை அவசரம் ஏன் என்பதைச் சொல்லவில்லை. அவர் சொன்னவற்றில் ஒரே ஒரு வாக்கியம்தான் அடைப்பைச் சேராதது.

"அந்தப் பிள்ளையின்ரை கால் நனையக்கூடாதெல்லோ."

அந்தப் பிள்ளையை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவளுக்கு ஞானேஸ்வரி என்று பெயர். கதை தந்தவருக்கும் ஒரு பெயர் வேண்டும். குலேந்திரன் என்று வைக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ஞானேஸ்வரி சிரித்தால் அந்தக் குளிரிலும்

வேண்டாம்.

இரண்டாவது: மழை பெய்துகொண்டிருந்தது. மழை அவனுக்கு எதை நினைவூட்டியது என்றால்

எதையும் நினைவூட்டவில்லை. காருக்குள் வந்தது. அவ்வளவுதான்.

மூன்றாவது: வெள்ளிக்கிழமை காலை காரில் ஏறிய ஞானேஸ்வரி, வைத்த காலை உடனே தூக்கினாள்.

"ஐயோ, உள்ளுக்கை குளமெல்லே கட்டி வைச்சிருக்கிறியள்!"

"மழைத் தண்ணிதான்," என்றான் குலேந்திரன்.

"ஞாயிற்றுக்கிழமை இதிலைதானே எயார்போட்டுக்குப் போகவேணும். கனடாவிலை போய் இறங்கேக்கை சப்பாத்துக்குள்ளை மீன் நீந்தும்."

"அதுக்குள்ளை காயவைச்சிடுவன்."

இது நிற்கட்டும்.

3

இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. முதல் பஸ்ஸுக்கு முன்பே தொடங்கும் வேலை. அதனால் பத்து மாதமாக அவளை அவன்தான் ஏற்றிக்கொண்டு போகிறான். இப்போது அவளுடைய தமையன் டொராண்டோவில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விமானம்.

குலேந்திரன் அவளிடம் சொல்லாத சொல் ஒன்று இருந்தது. போகாதையுங்கோ. ஒரே சொல். சொல்ல இன்னும் இரண்டு நாள்.

முதல் மாதம் அவள் அவனை அண்ணை என்றாள். அதன்பிறகு எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அண்ணை வராத அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டே அவன் கார் ஓட்டினான்.*

* இது என் கற்பனை. நீக்கிப் பார்த்தேன். கதை நிற்கவில்லை.

4

சனிக்கிழமை அவன் ஞானேஸ்வரி உட்காரும் வலப்பக்க இருக்கையைக் கழற்றி வெளியே வைத்தான். விரிப்பைத் தூக்கினான். அடியிலிருந்த பஞ்சுப் படுக்கையை வாளிக்குமேல் பிடித்துப் பிழிந்தான். கால் பக்கத்து மட்டைப் பலகை தேத்தண்ணியில் விழுந்த ரஸ்க்கைப்போல ஊதியிருந்தது. சாப்பாட்டுக் கரண்டியின் காம்பைக் கொடுத்துக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பினான். யாரோ வீசிய அலுமாரியின் முதுகுப் பலகையில் அந்த மட்டையை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, அறுத்தான். பழைய ரெக்சினை உரித்து அதில் ஒட்டினான். சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் நீவினான். ஒரு சுருக்கம் விழுந்தது. உரித்து மறுபடி ஒட்டினான்.

பிறகு வடிகால். முன்கண்ணாடியின் கீழே கம்பித் தட்டி. அதற்குள் மழைநீர் விழும் தகரத் தொட்டி. தொட்டியின் இரு முனையிலும் ஒவ்வொரு குழாய். குழாய்களின் ரப்பர் வாய்கள் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். வலப்பக்கக் குழாய்க்குள் சைக்கிள் பிரேக் கம்பியை விட்டான். பாதியில் முட்டியது.

அவனோடு ஒரே வீட்டில் இருக்கும் பத்மநாதன் ரோச் லைற் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன மச்சான், காருக்குப் பேதி குடுக்கிறியோ?"

"லைற்றை நேராப் பிடி."

"பிடிக்கிறன். ஒருத்தியை அனுப்பிவைக்கிறதுக்கு இவ்வளவு பாடுபடுற விசரனை இப்பதான் பாக்கிறன்."

குலேந்திரன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ரப்பர் வாயை அமுக்கினான். கரிய கூழ் கைநிறைய வழிந்தது. அதற்குள் காம்புகள். இன்னும் மஞ்சள் போகாத இதழ்கள். செவ்வந்தி.

(இந்த இடத்தில் குழாயிலிருந்து ஒரு கடிதம் வருவதாக எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். தண்ணீரில் காகிதம் அத்தனை நாள் தாங்காது. பொய்யும் தாங்காது.)

5

பூவைப் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும். எனக்கே இப்போதுதான் தெரியும்.

வீடு திரும்பும் நோயாளிகள் பூங்கொத்துகளை வார்டில் விட்டுப் போவார்கள். அவற்றைக் குப்பையில் போடுவது ஞானேஸ்வரியின் வேலை. வாடாத ஒரு பூவைத் தனியே எடுத்து, வெள்ளிக்கிழமைகளில் காரிலிருந்த பிள்ளையார் படத்துக்கு வைப்பாள். மறுநாள் அதை எடுப்பது குலேந்திரன். சாமிக்கு வைத்த பூவைக் குப்பையில் போட மனம் வராது. காலில் மிதிபடவும் கூடாது. அவன் இருந்த கட்டடத்தைச் சுற்றிச் சீமெந்து, மிச்சம் புல்தரை. புல்தரையில் பிள்ளைகள் பந்தடிப்பார்கள். யோசித்து, பூவைக் கம்பித் தட்டியின் இடுக்கில் செருகினான். ஒருவர் காலும் படாத இடம். ஒரு கிழமை வலப்பக்கம், மறு கிழமை இடப்பக்கம். பத்து மாத வெள்ளிக்கிழமைகள்.

"சாமிப் பூவையோடா இதுக்குள்ளை அடைஞ்சனி?" பத்மநாதன் சிரித்துச் சிரித்து ரோச்சை ஆட்டினான். "பூ காலிலை படக்கூடாதெண்டு அந்தப் பிள்ளையின்ரை காலை நனைச்சிருக்கிறாய்."

குலேந்திரன் கூழைக் கழுவி ஊற்றவில்லை. பழைய பேப்பரில் பொதிந்து வேலியோரம் புதைத்தான். ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றினான். வலப்பக்கம் சரசரவென்று வடிந்தது. அந்தப் பக்கம் உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"மற்றப் பக்கமும் அடைச்சுத்தானே கிடக்கும். அதையும் எடன்," என்றான் பத்மநாதன்.

குலேந்திரன் கம்பியைச் சுருட்டினான். "அது கிடக்கட்டும்."

"நீ இருந்து ஓட்டுற பக்கமெடா. உன்ரை கால்தான் நனையும்."

"நனையட்டும்."

6

முதல் முடிவு: விமான நிலையத்தில் அவன் சொல்லிவிடுகிறான். அவள் பெட்டியைக் கீழே வைக்கிறாள். இரண்டு பக்கம் எழுதினேன். ஆனால் அவள் நின்றிருந்தால், கல்யாண வீட்டில் ஒரு மனிதர் வடிகாலைப் பற்றி அரை மணிநேரம் பேசியிருக்க மாட்டார்.

இரண்டாவது: அவள் போய்விடுகிறாள். கார் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அவன்

இல்லை. பார்க்கிங் சீட்டை எந்தப் பையில் வைத்தேன் என்று தேடுகிறவன் அவன்.

மூன்றாவதை முடிவு என்று சொல்ல முடியாது. ஞாயிறு காலை. மழை. ஞானேஸ்வரி ஏறினாள். காலை வைத்தாள். விரிப்பை ஒருமுறை மிதித்துப் பார்த்தாள். குனிந்து புதிய பலகையைத் தடவினாள்.

"காய்ஞ்சிட்டுது! என்ன செய்தனீங்கள்?"

"அடைப்பு எடுத்தன்."

"என்ன அடைச்சிருந்தது?"

குலேந்திரன் கிளச்சை மிதித்தான். இடது சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறியது. பிள்ளையார் முன்னால் வெள்ளிக்கிழமைப் பூ வாடிக் கிடந்தது. இந்தச் சனிக்கிழமை அதை அவன் எடுக்கவில்லை. பூ என்று சொன்னால், பத்து மாதமாக அவற்றை எங்கே வைத்தான் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மற்றச் சொல்லும் வந்துவிடும். இலை என்று சொன்னாலும் போதும். விமான நிலையம் ஒன்றரை மணிநேர ஓட்டம்.

அவன் வாயைத் திறந்தான்.

7

"பிறகு?" என்று அவரைக் கேட்டேன். பந்திக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டார்.

பூ அடைத்தே கிடக்கும் இடப்பக்க வடிகாலின் வாய் முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறது. ரப்பர். இரண்டு விரலால் அமுக்கினால் திறக்கும். குனிந்தால் உங்கள் கைக்கு எட்டும்.

நான் அமுக்கவில்லை.