காப்பிக்கு வந்த விருந்தாளி

ஸ்டாண்டின் மேல் கவிழ்த்து வைத்த இருபது லிட்டர் கேனில் மிச்சம் இருந்தது காற்று மட்டும்தான். தல்வனீரா காலையிலிருந்து ஏழு தடவை குழாயைத் திருகிவிட்டாள். ஆறாவது தடவை ஒரே ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்து விழுந்தது. ஏழாவது தடவை அதுவும் இல்லை. காப்பி குடிக்காத மண்டை விண்விண் என்று தெறிக்க, அடுக்களைக்கும் பால்கனிக்குமாகச் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

நாளை யோவான் திருநாள். இன்று மதியத்தோடு ரெசிஃபே நகரமே கடையை மூடிவிடும். அப்புறம் மூன்று நாளைக்குச் சோளக்களியையும் பட்டாசையும் தவிர ஊரில் எதுவும் நகராது. இதற்கு நடுவில் கருவாரு ஊரிலிருந்து தம்பி வல்மீர் மூன்று தடவை போன் செய்துவிட்டான். மூன்று தடவையும் ஒரே கேள்வி.

"தண்ணி வந்துச்சாக்கா?"

இல்லை என்றாள்.

"ஒரு கேன் தண்ணிய வீட்டுக்குள்ள கொண்டாற முடியல. இந்த அழகுல தனியா இருக்கேங்கற. மத்தியானம் வர்றேன். அட்டைப்பெட்டி எடுத்துட்டு வர்றேன். இந்தத் தடவை மூட்டை கட்டிட்டுத்தான் மறுவேலை."

அவன் வீட்டுப் பின்னறையில், தம்பி மனைவியின் உடற்பயிற்சி சைக்கிளுக்கும் கிளிக்கூண்டுக்கும் நடுவே ஒரு கட்டில் இரண்டு வருஷமாக அவளுக்காகக் காத்திருந்தது. கிளியால் தொந்தரவில்லை. அது சொன்னதையே சொல்வதெல்லாம் வீட்டுக்காரியிடம் கற்றது. ஆனால் இந்த ஆறாவது மாடி வீடு, பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் முத்திரை குத்தி வாங்கியது. இளம்பிள்ளை வாதம் காலை எடுத்துக்கொண்டது. வீட்டை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

முன்பெல்லாம் முனைத் தண்ணீர்க் கடைக்கு ஒரு போன் போதும். ஜுவென்சியோ பின் லிஃப்ட்டில் கேனோடு வருவான், ஸ்டாண்டில் கவிழ்ப்பான், தெருச் செய்தியைச் சொல்லிவிட்டுக் காலி கேனோடு போவான். நாலு மாதத்துக்கு முன் கடை ஒரு ஆப்பில் சேர்ந்து நாகரிகம் அடைந்தது. அதில் 'உதவி தேவை' என்றொரு பொத்தான் இருந்தது. இன்று காலை ஆர்டர் போட்ட கையோடு அதை அழுத்தி, நான் சக்கர நாற்காலியில் இருப்பவள், கேனை மேலே கொண்டுவந்து கவிழ்த்துத் தரவும் என்று எழுதினாள். உடனே பதில் வந்தது: ஒவ்வொரு வாடிக்கையாளரும் எங்கள் இதயத்தில் இருக்கிறார், உங்கள் கோரிக்கைக்கு மூன்று வேலை நாளில் பதில் தரப்படும். அடியில் பொடி எழுத்தில் இன்னொன்று: பொருள் முதல் சந்திப்பு இடத்தில் ஒப்படைக்கப்படும். முதல் சந்திப்பு இடம் என்றால் வாசல் கேட். இதயத்திலிருந்து அடுக்களைக்குத்தான் வழியில்லை.

போன் அலறியது. ஆள் கேட்டுக்கு வந்துவிட்டான். பதினைந்து நிமிஷத்துக்குள் வாங்கிக்கொள்ளாவிட்டால் ஆர்டர் ரத்து. திரையில் எண்கள் பின்னோக்கி ஓடத் தொடங்கின.

கூடவே வாட்ச்மேன் ஜெனிவால்டோ இண்டர்காமில் கூப்பிட்டு, தன் கையாலாகாத்தனத்தை விளக்கினான். டெலிவரி ஆட்கள் பின் லிஃப்ட்டில்தான் ஏற வேண்டும் என்பது குடியிருப்போர் சங்கத்தின் விதி. பின் லிஃப்ட் போன வாரத்திலிருந்து மூடியிருக்கிறது. பின்பக்கப் படிக்கட்டை சிமெண்ட் மூட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. முன் லிஃப்ட்டில் கேன்காரனை ஏற்றினால் சங்கத் தலைவர் டாக்டர் தன் சீட்டைக் கிழித்துவிடுவார். தானே தூக்கி வரலாமென்றால் வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழக்கூடாது என்றும் ஒரு விதி.

பின் லிஃப்ட்டை மூடியதற்குக் காரணம் உண்டு. உடல் ஊனமுற்றோர் வசதிக்காக அதில் கைப்பிடியும் தடவிப் படிக்கும் பொத்தான்களும் வைக்கிறார்கள். லிஃப்ட்டுக்கு முன்னால் இருக்கும் இரண்டு படிகளுக்குத் திட்டத்தில் இடமில்லை. அவை அப்படியே இருக்கும்.

பதினோரு நிமிஷம். தல்வனீரா முன் லிஃப்ட்டில் இறங்கினாள்.

கீழே கூடத்தில் சங்கத் தலைவர் டாக்டர் அஸ்ட்ரூபால் சுவரில் பித்தளைப் பலகை மாட்டுவதை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தார். 'வெர்சாய் மாளிகை – ஊனமுற்றோரின் உற்ற தோழன்' என்று அதில் பொறித்திருந்தது. அவர் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிராளியின் வாயில் இன்னும் பஞ்சு இருக்கிறது என்ற நம்பிக்கையில் பேசுவார். கட்டிடத்தில் இருக்கும் ஒரே சக்கர நாற்காலி அவளுடையது என்பதால், திறப்பு விழாப் படத்துக்கு வரும்படி நேற்றே வீடு தேடி வந்து அழைத்திருந்தார். படமெடுக்கிறவன் அரைக்கால் சட்டையோடு சோபாவில் காத்திருந்தான்.

அவளைக் கண்டதும் டாக்டர் முகம் மலர்ந்தது. கேன் விஷயம் என்று தெரிந்ததும் மலர்ந்தது அப்படியே நின்றது. நியாயமான உதவி செய்ய வேண்டுமென்று சட்டமே சொல்கிறது என்றாள் தல்வனீரா. நியாயம் எல்லாருக்கும் பொது, ஒருவருக்கு வளைத்தால் அது நியாயமா என்றார் அவர். பிறகு, மனம் இளகி, ஒரு வழியும் சொன்னார்.

"கேன் இங்கயே இருக்கட்டும் டோனா தல்வனீரா, பலகைக்குக் கீழ. தாகம் எடுக்கறப்ப ஒரு டம்ளரோட இறங்கி வாங்க. உங்களுக்கும் நாலு பேரைப் பாத்த மாதிரி இருக்கும்."

நாலு நிமிஷம். அவள் கேட்டுக்கு உருண்டாள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஜுவென்சியோ, மூன்று சக்கர வண்டி நிறையக் கேன்களோடு, வெயிலில் வழிந்துகொண்டிருந்தான். தான் தூக்கி வரத் தயார், இந்த ஆள் விடவில்லை என்று வாட்ச்மேனைக் கண்ணால் காட்டினான். வாட்ச்மேன் கண்ணால் டாக்டரைக் காட்டினான்.

முப்பத்தோரு வருஷம் பத்திரம் படித்த கண் தல்வனீராவுக்கு. பெரிய எழுத்தில் எழுதியதை அவள் நம்பியதே இல்லை. திரையின் பொடி எழுத்தை இன்னொரு தடவை படித்தாள். பிறகு, ஒப்படைப்புக்கான நாலு எண்களைச் சொன்னாள். ஜுவென்சியோ தன் போனில் தட்டினான். பொருள் ஒப்படைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று போன் கேட்டது.

"உன் வேலை முடிஞ்சுதா ஜுவென்சியோ?"

"முடிஞ்சுதும்மா. ஆனா இதை இங்கயே வச்சுட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அதை விடு. வேலை முடிஞ்சுட்டா நீ யாரு?"

அவன் சற்று யோசித்தான். "ஜுவென்சியோதான்."

"அப்ப வா, வீட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ."

டாக்டர் சுவரை விட்டு வந்துவிட்டார். தல்வனீரா பதினாலாம் விதியை மனப்பாடமாக ஒப்பித்தாள்: குடியிருப்போரின் விருந்தினர்கள் முன் லிஃப்ட்டையே பயன்படுத்துவர். டாக்டரின் சம்பந்தி ஒருமுறை தவறிப்போய்ப் பின் லிஃப்ட்டில் குப்பை வாளியோடு ஏற்றப்பட்டபின் டாக்டரே எழுதிய விதி அது.

"இவன் கேன் போடறவன்," என்றார் டாக்டர்.

"போட்டுட்டான். கேட்டுலயே. கம்பெனி ரசீது இதோ."

"அரைக்கால் சட்டை போட்டிருக்கான். முன் லிஃப்ட்டுல அது கூடாது."

சோபாவிலிருந்தவன் காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டான். டாக்டர் அவனைப் பார்க்காமலிருக்கப் பெரிதும் பாடுபட்டார். கேன் ஏன் கூட வருகிறது என்று கடைசியாகக் கேட்டார்.

"வெறுங்கையோட வர அவனுக்குக் கூச்சம் டாக்டர். படத்துக்கு அப்புறமா இறங்கி வர்றேன். விருந்தாளியைக் காக்க வைக்கக் கூடாதில்ல."

ஜெனிவால்டோ நாற்காலியை விட்டு எழாமலே கேட்டைத் திறந்தான். வருகைப் பதிவேட்டில் பெயர் ஜுவென்சியோ, காரணம் காப்பி என்று நிறுத்தி நிதானமாக எழுதினான்.

மேலே கேன் கவிழ்ந்து, 'களக்' என்று ஒரு பெரிய குமிழி விட்டது. தல்வனீரா முதலில் ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு உண்மையாகவே காப்பி போட்டாள். பதிவேட்டில் பொய் இருக்கக்கூடாது. கீழே வண்டியில் ஒன்பது கேன் நிற்கிறது என்று ஜுவென்சியோ நின்றபடியே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். அந்த நேரம் பார்த்து வல்மீர் நாலாவது தடவையாகக் கூப்பிட்டான்.

"வீட்டுல ஆள் வந்திருக்கு, அப்புறம் பேசறேன்," என்றாள் அவள். "பெட்டிய இறக்கிட்டு வா. சோளக்களி மட்டும் போதும்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் இண்டர்காம் அடித்தது. ஜெனிவால்டோதான். நாலாவது மாடியில் மூட்டு வலிக்காரி ஒருத்தி, ஜுவென்சியோ தன் வீட்டுக்கும் ஒரு கேனோடு காப்பிக்கு வர முடியுமா என்று கேட்கிறாளாம். இன்னொரு சேதியும் இருந்தது. டாக்டர் பலகையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அறிவிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறார். பேசப்போவது ஒரே பொருள்: விருந்தாளி என்பவர் யார்.

ஜுவென்சியோ போனபின் தல்வனீரா மேசை இழுப்பறையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தாள். மொத்தம் அறுபத்திரண்டு விதிகள். நாற்காலிக்கு பிரேக் போடாமல், அறைக்குள் முன்னும் பின்னும் உருண்டுகொண்டே, அடிக்குறிப்பிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.