பனியாற்றுக்குப் போக நாள் பார்த்தது

என் மனைவி சந்திரவதனா கடவுளைவிடக் கலண்டருக்குத்தான் அதிகம் பயப்படுவாள். ஹை ஸ்ட்ரீட் நோர்த் என்ற எங்கள் கடைத்தெருவின் நகைக்கடைக்காரன் வருடப்பிறப்புக்கு இலவசமாகக் கொடுத்த கலண்டர் எங்கள் குசினிச் சுவரில் தொங்குகிறது. அதில் நல்ல நேரம் இல்லையென்றால் எங்கள் வீட்டில் பல்வலிக்குக்கூட டொக்டரிடம் போக முடியாது. முப்பத்துநான்கு வருடமாக இந்த ஆட்சியின் கீழ் வாழ்கிறேன். எதிர்க்கட்சி என்று இருப்பது நான் ஒருவன்தான், அதுவும் வாக்குரிமை இல்லாத எதிர்க்கட்சி.

எங்கள் ஒரே மகள் மேனுஷா பனியாறுகளை ஆராய்கிறவள். மலைமேல் கொட்டிய பனி வருடக்கணக்காக இறுகிக் கட்டியாகி, தன் பாரம் தாங்காமல் மெல்ல மெல்லக் கீழே நகர்ந்தால் அதற்குப் பெயர் பனியாறு. சனிக்கிழமைகளில் எங்கள் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்த வேகம் புதிதல்ல. வட துருவத்துக்குக் கிட்ட ஸ்வால்பார்ட் என்று ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே ஒரு பனியாற்றின் உச்சியில் துளை போட்டு, நூற்றியிருபது மீற்றர் ஆழம் வரைக்கும் பனிக்கட்டியை நீள நீள உருளைகளாக வெளியே எடுக்கப் போகிறாள். ஒவ்வொரு வருடத்துப் பனியும் தனித்தனி அடுக்காக இருக்குமாம். அதற்குள் அந்தந்த வருடத்துக் காற்றும் தூசியும் எரிமலைச் சாம்பலும் அப்படியே அகப்பட்டிருக்குமாம்.

ஆனால் இப்போது அங்கேயும் கோடை சுடுகிறது. மேலே உருகுகிற தண்ணீர் உள்ளே இறங்கி அடுக்குகளைக் கலக்கி விடுகிறது.

"இந்த வருசம் எடுக்காட்டி அடுத்த வருசம் எடுக்கிறதுக்கு ஒண்டும் மிஞ்சாது அப்பா. புத்தகத்தைத் தண்ணிக்குள்ளை போட்ட மாதிரித்தான்" என்று மேனுஷா சொன்னாள். மூன்று வருடம் விண்ணப்பம் போட்டு, கெஞ்சி, சண்டை பிடித்து வாங்கிய பயணம். குழுவுக்கு அவள் தலைமை தாங்குவது இதுதான் முதல் தடவை.

இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன். சந்திரவதனா சோறு போட்டாள். அவள் கேட்ட ஒரே கேள்வி அங்கே கரடி இருக்குமா என்பது. இருக்கும் என்றாள் மகள். அதோடு மனைவி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பயணம் வெள்ளிக்கிழமை. வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது பத்தே முக்காலுக்கு. கலண்டரில் வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். டிக்கெற்றை மாற்ற ஏலாது என்று மேனுஷா சொல்லிவிட்டாள். வேறு யாருமென்றால் அத்தோடு விட்டிருப்பார்கள். பஞ்சாங்கத்தில் இதற்கும் ஒரு வழி இருக்கிறது. பரஸ்தானம் என்று பெயர். பயணம் போகிறவரின் சாமான் ஒன்றை முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்தக் கெட்ட நேரத்திலும் கிளம்பலாம். ராகுவுக்கே தண்ணி காட்டுகிற வேலை.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு, மகள் வேலைக்குப் போன பிறகு, சந்திரவதனா அவளுடைய அறையிலிருந்து ஒரு சின்னச் சிவப்புப் பையை எடுத்துக்கொண்டு மனோர் பார்க்கில் இருக்கும் கனகவல்லி ரீச்சர் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். இது எனக்கே தெரியாது.

செவ்வாய் பன்னிரண்டு மணிக்கு மேனுஷாவின் போன் வந்தது. அவள் நகரத்துக்கு நடுவே ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், சார்ல்டனில் இருக்கும் தங்கள் குழுவின் சாமான் ஸ்டோரில் நின்றாள்.

"அப்பா, என்ரை மேசையிலை ஒரு சிவப்புப் பை இருக்கோ எண்டு பாருங்கோ. துளை போடுற மெஷினிலை பனியை வெட்டுற பிளேட் மூண்டும் அதுக்குள்ளைதான் இருக்கு."

பார்த்தேன். இல்லை.

"மூண்டு மணிக்கு லொறி வருது. பெட்டியெல்லாம் இண்டைக்குப் போகாட்டி கப்பல் போயிடும். பிளேட்டைப் பூட்டிச் சரிபார்க்க ஒரு மணித்தியாலம் வேணும். அது ஓடர் குடுத்துச் செய்விச்சது அப்பா, பதினொரு கிழமை எடுத்தது." குரல் உடைந்தது. "அது இல்லாட்டி நாங்கள் அங்கை போய்ப் பனியைப் பாத்துக்கொண்டுதான் நிக்கோணும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சந்திரவதனா குசினி வாசலில் நிற்கிறாள். முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மனோர் பார்க்கில் நின்றோம். கனகவல்லி ரீச்சர் ஊரில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து இளைப்பாறியவர். எழுபத்தாறு வயதிலும் முதுகு வளையவில்லை. பை அவருடைய சாமியறையில், விளக்குக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டோடு இருந்தது. விசயத்தைச் சொன்னோம். முழுவதும் கேட்டார்.

"தாறன்" என்றார். "ஆனா இப்ப ஏலாது. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டிலையிருந்து ஒண்டரை வரைக்கும் குளிகை. குளிகையிலை செய்யிறது திரும்பத் திரும்ப நடக்கும். இப்ப நான் பயணப் பையைத் திருப்பித் தந்தா, பிள்ளை போற பயணமெல்லாம் பாதியிலை திரும்பும். ஒண்டரை மட்டும் இருங்கோ. தேத்தண்ணி போடுறன்."

ஒன்றரைக்குக் கிளம்பினால் சார்ல்டன் போய்ச் சேர இரண்டேகால், இரண்டரை ஆகும். நான் சந்திரவதனாவைப் பார்த்தேன். அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். ரீச்சர் சொன்னதுதான் அவளுக்கும் சட்டம். எனக்கு வந்த கோபத்துக்கு விளக்கையும் தட்டிப் பையையும் பறித்திருப்பேன். ஆனால் கணக்கு ரீச்சரைக் கணக்கால்தான் மடக்க முடியும்.

"ரீச்சர், போன மாதக் கடைசியிலை கோடை நேரமெண்டு இந்த நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினனாங்கள்தானே?"

"ஓம்."

"சூரியனையும் தள்ளினனாங்களோ?"

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கலண்டரிலை போட்டிருக்கிறது சூரியன்ரை கணக்கு. சூரியனுக்கு இப்ப பதினொண்டு நாப்பதுதான். குளிகை தொடங்க இன்னும் இருபது நிமிசம் கிடக்கு. தாங்கோ."

ரீச்சர் ஒரு பழைய கடித உறையையும் பென்சிலையும் எடுத்தார். எழுதினார், கோடு போட்டார், கழித்தார். "நீர் சொல்லுறது சரி" என்றார். நான் கையை நீட்டினேன். அவர் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப நேற்று ஒன்பதரைக்குச் சந்திரா வைக்கேக்கை சூரியனுக்கு எட்டரை. திங்கக்கிழமை ஏழரையிலையிருந்து ஒன்பது மட்டும் என்ன நேரம்?"

பதில் எனக்குத் தெரியும். நான் விளக்கைப் பார்த்தேன்.

"ராகுகாலம்" என்றாள் சந்திரவதனா. முகம் வெளுத்துவிட்டது.

நானே தோண்டிய கிடங்கு. அதற்குள் விழுந்த பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. "ரீச்சர், ராகுகாலத்திலை வைச்சது பரஸ்தானம் ஆகாதுதானே? அப்ப இது பயணப் பை இல்லை. சும்மா ஒரு பை. சும்மா ஒரு பையைத் திருப்பித் தர என்ன நாளும் நேரமும்?"

கனகவல்லி ரீச்சர் உறையை இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். பிழை கண்டுபிடிக்க முடியாத விடைத்தாளைப் பார்க்கும் அதே எரிச்சலோடு எழும்பிப் போய்ப் பையை எடுத்துத் தந்தார்.

காரில் ஏறும்போது எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். முப்பத்துநான்கு வருடத்தில் எதிர்க்கட்சி வென்ற முதல் தேர்தல் அது. கனிங் ரவுண் தாண்டும் வரைக்கும் சந்திரவதனா ஒரு சொல்லும் பேசவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். அவள் சண்டை பிடித்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். பேசாமல் இருந்தால் தெரியாது.

"இஞ்சை பாரும்" என்றேன். "அதே கணக்குப் பாத்தா வெள்ளிக்கிழமை பத்தே முக்கால் ராகுகாலமே இல்லை. பதினொண்டரைக்குத்தான் தொடங்குது. பரஸ்தானமே தேவையில்லை. எல்லாம் நல்லதாத்தான் முடிஞ்சது."

"நான் ராகுவுக்கோ பயந்தனான்?" என்றாள். "அந்த ஐஸிலை வெடிப்பு இருக்காம். மேலை பனி மூடியிருக்குமாம், கண்ணுக்குத் தெரியாதாம். காலை வைச்சா உள்ளை போகுமாம். எண்பது அடி, நூறு அடி."

"உமக்கு ஆர் சொன்னது?"

"அவள்தான். சோறு போடேக்கை சொன்னவள். நீங்கள் அப்ப மீன் முள்ளு எடுத்துக்கொண்டிருந்தனீங்கள்." பையிலிருந்த சந்தனப் பொட்டை விரலால் துடைத்தாள். "நான் என்னத்தைச் செய்யிறது? ஐஸைப் போய் இறுக்கிப் பிடிக்கவோ? எனக்குத் தெரிஞ்சது நாள் பாக்கிறது ஒண்டுதான். அதையும் பிழையாப் பாத்திருக்கிறன்."

அவள் அழுதாள். நான் வென்றது எனக்கே வெட்கமாகிவிட்டது. பிளாக்வால் சுரங்கத்துக்குள் போகும்போது இடது கையால் அவளுடைய கையைப் பிடித்தேன். பிறகு கியர் மாற்ற வேண்டியிருந்ததால் விட்டேன்.

ஸ்டோர் வாசலில் மேனுஷா வீதியில் இறங்கியே நின்றாள். கார் நிற்க முதலே பையை ஜன்னலால் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். மணி ஒன்று ஐம்பது. கதவு திறந்தே கிடந்ததால் நாங்கள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவளோடு கூடப் போகும் க்ரெய்க் என்ற ஸ்கொட்லாந்துக்காரப் பொடியன், ஒல்லியும் உயரமுமாக, ஒரு நீளக் குழாயின் வாயில் அந்த மூன்று அலகுகளையும் பூட்டினான். ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். முதல் தடவை மெஷின் கரகரத்து நின்றுவிட்டது. கழற்றினார்கள், திரும்பப் பூட்டினார்கள். இரண்டு நாற்பதுக்கு அது சீராகச் சுழன்றது. மூன்று மணிக்கு லொறி பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகுதான் மேனுஷாவுக்குக் கோபப்பட நேரம் கிடைத்தது.

"அம்மா, என்ரை அறையிலை எத்தினை சாமான் கிடந்தது. சப்பாத்து, தொப்பி, ஜக்கெற். ஒரு சோக்ஸை எடுத்துக்கொண்டு போய் வைச்சிருக்கலாமே. ஏன் உந்தப் பையை எடுத்தனீங்கள்?"

"சோக்ஸ் வைச்சா நீ விட்டிட்டுப் போயிடுவாய்" என்றாள் சந்திரவதனா. "பயணம் போற ஆள் விட்டிட்டுப் போகவே ஏலாத சாமானைத்தான் வைக்கோணும். உந்த மூண்டு பிளேட் இல்லாட்டி மற்றதெல்லாம் வீண் எண்டு சனிக்கிழமை நீதானே சொன்னனீ."

மேனுஷா அம்மாவையே பார்த்தாள். மூன்று மாதமாகத் தன் பேச்சு என் காதுக்கு மட்டும் போகிறது என்று நினைத்திருந்தவள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சந்திரவதனா அதோடு விடவில்லை. "வெடிப்புக்குள்ளை விழுந்தா ஆர் தூக்கிறது?" என்று கேட்டாள்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினாள். இரண்டு பேர் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டுதான் நடப்பார்களாம். ஒருவர் விழுந்தால் மற்றவர் அந்த நிமிடமே பனியில் குப்புற விழுந்து, தன் பாரத்தாலேயே இழுத்துப் பிடிப்பாராம்.

"உன்ரை கயித்திலை மற்றப் பக்கம் ஆர்?"

மேனுஷா க்ரெய்க்கைக் காட்டினாள். அவன் ஒரு சாண்ட்விச்சைப் பாதி தின்றுவிட்டு, மீதியைத் திரும்பச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தான். சந்திரவதனா அவனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள்.

"எத்தினை கிலோ எண்டு கேள்."

"அம்மா, அப்பிடிக் கேக்க ஏலாது."

"கேள்."

கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே அறுபத்திமூன்று என்றான்.

"நீ?"

"அறுபத்தாறு" என்றாள் மகள் மெதுவாக.

சந்திரவதனா என்னைப் பார்த்தாள். கணக்கு ரீச்சரிடம் போகத் தேவையில்லாத கணக்கு. "அந்தத் தம்பியைக் காரிலை ஏறச் சொல்லு" என்றாள். "இண்டைக்கு எங்கடை வீட்டிலைதான் சாப்பாடு. நாளைக்கும். நாளையிண்டைக்கும்."

அன்று மாலை ஆறு மணிக்கு ஈஸ்ட் ஹாமில் எங்கள் மேசையில் க்ரெய்க் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். பிட்டு, ஆட்டிறைச்சிக் கறி, பொரித்த மீன், முட்டை. இரண்டாம் தரம் அவன் போதும் என்றான். சந்திரவதனாவுக்கு அந்த இங்கிலீஷ் விளங்கவில்லை. மூன்றாம் தரம் அவன் தட்டைக் கையால் மறைத்தான். மேனுஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரிக்கத்தான் செய்தேன். அவள் சிரித்துச் சிரித்துக் கதிரையில் சாய்ந்தபோதுதான் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இடையில் இருக்கிறது என்பது என் நெஞ்சில் தட்டியது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இத்தனை நாளும் கேலி பண்ணிக்கொண்டு மறைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சந்திரவதனா தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். அவன் கை தட்டிலிருந்து விலகிய நேரம் பார்த்து, சட்டியிலிருந்து பெரிய இறைச்சித் துண்டாக இரண்டைத் தேடி எடுத்து நானே அவன் தட்டில் வைத்தேன்.