பழைய இடத்துக்கே போகும் பக்கங்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு திருத்தத்திலிருந்து கிடைத்தது. இன்று செய்தால் நாளை காணாமல் போகும் திருத்தம்.

சிறு மருத்துவமனைகள் நோயாளிகளின் விவரங்களை வைத்துக்கொள்ள ஒரு மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளலாம். எழுதியவன் இறந்துவிட்டான். வழிகாட்டிப் பக்கங்களை அவன் தங்கை கவனிக்கிறாள். புதிய பதிப்புக்கு மாறும்போது விவரங்களை நகலெடுத்த பிறகே பழைய பதிப்பை அழிக்க வேண்டும். பக்கமோ முதலில் அழிக்கச் சொன்னது. அதை நம்பி ஒரு மருத்துவமனை எல்லாவற்றையும் இழந்தது. தங்கை பக்கத்தைத் திருத்தினாள். மறுநாள் மதியம் பழைய வரி திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

(முதலில் ‘அவள் கண்கள் அண்ணனை நினைத்து…’ என்று தொடங்கினேன். இல்லை. அவள் அழவில்லை. பக்கங்களை யார் அனுப்புவது என்று தேடினாள்.)

2

இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கும். மென்பொருளின் நிரல் இணையத்தில் ஓரிடத்தில் இருந்தது. வழிகாட்டி வேறிடத்தில், வாடகைக் கணினி ஒன்றில். தினமும் மதியம் இன்னொரு கணினி தன்னிடமுள்ள நகலிலிருந்து எல்லாப் பக்கங்களையும் புதிதாகச் செய்து, இருப்பவற்றின் மேல் எழுதிவிடும். அந்தக் கணினி அண்ணன் வீட்டில், அவன் மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. கடவுச்சொல் அவனோடு போய்விட்டது.

3

“அண்ணி, அதை நிறுத்திடலாமா?”

“அது உன்னை என்னடி பண்ணுது? பாவம், மூலையில கிடக்குது.”

“தப்பான பக்கத்தையே அனுப்புது. சொன்னா கேக்க மாட்டேங்குது.”

“உங்க அண்ணன் வளர்த்ததாச்சே. வேற எப்படி இருக்கும்?”

அப்போது அண்ணியின் கைபேசி ஒலித்தது. அனுப்பி முடித்ததும் அவளுக்குப் போகும்படி அவன் எழுதி வைத்திருந்த வரி: ‘அனுப்பியாச்சு. வா, சாப்பிடலாம்.’

அண்ணி எழுந்தாள். “வா, உனக்கும் போடறேன்.”

(வாடகைக் கணினியில் அதற்குள்ள அனுப்பும் அனுமதியை மட்டும் ரத்து செய்திருக்கலாமே என்பீர்கள். அனுப்பி முடித்தால்தான் அந்த வரி வரும்.)

4

ஒரு முடிவு: அண்ணியே சுவிட்சை அணைக்கிறாள், இருவரும் கட்டிக்கொண்டு— வேண்டாம், அழகாக இருக்கிறது, நம்பிக்கை வரவில்லை. இன்னொன்று: தங்கை அவளுக்குத் தெரியாமல் அணைக்கிறாள். எழுதிப் பார்த்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

அவள் நேராகவே சொன்னாள். “பக்கத்தையெல்லாம் வேற இடத்துக்கு மாத்திட்டேன், அண்ணி.”

அண்ணி மேசைக்கடியைப் பார்த்தாள். “இதுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லாதே.”

அண்ணி என்றாவது அதை அணைப்பாளா? நான் எழுதமாட்டேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். தங்கை செய்தது இதுதான்: வழிகாட்டியை நிரல் இருக்கும் இடத்திலேயே சேர்த்தாள். இனி நிரலை மாற்றுபவர் விளக்கத்தையும் அங்கேயே மாற்றலாம். வழிகாட்டித் தளத்தின் இணையப் பெயரைத் தட்டினால் அந்தப் புது இடத்துக்குப் போகும்படி திருப்பிவிட்டாள். வாடகைக் கணினியையும் விட்டுவிடவில்லை, வாடகை கட்டி வைத்திருக்கிறாள். அண்ணனின் கணினி பெயரைத் தேடுவதில்லை. வாடகைக் கணினியின் பழைய எண்முகவரிக்கே மதியந்தோறும் அனுப்புகிறது. அங்கே படிக்க யாரும் போவதில்லை. மருத்துவமனைகளுக்குச் சரியான பக்கம் கிடைக்கிறது. அண்ணிக்குச் செய்தி வருகிறது.