ஒரு கையில் தூக்கக்கூடிய ஆம்ப்

செந்தாய்க்குப் போகிறவர்கள் குரோயிசோ ரயில் நிலையத்தில் வண்டி மாற வேண்டும். வடக்கே போகும் வண்டி வேறு நடைமேடையில் நிற்கும். கதவு திறந்ததும் எல்லோரும் மேம்பாலப் படிகளில் ஓடுவார்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் மட்டும் விற்கும் அந்த மலிவுச் சீட்டு மெதுவண்டிகளுக்குத்தான் செல்லும். அதை வாங்குகிறவர்கள் ஓடிப் பழகியவர்கள்.

மார்ச்சில் நானும் ஓடினேன். முதுகில் கிட்டார், கையில் தள்ளுவண்டி. அதில் கட்டியிருந்தது கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப், பழைய ரேடியோ போலக் கண்ணாடி வால்வுகள் வைத்தது, இருபத்துமூன்று கிலோ. பாதிப் படியில் தள்ளுவண்டியின் சக்கரம் கழன்று கீழே உருண்டது. மேலே போய்விட்ட மதோகா திரும்பிப் பார்த்தாள். எங்கள் இருவர் குழுவில் அவள் பாடுகிறவள். அவளுக்கு ஒரு தோள்பை மட்டும்தான்.

"நீங்க போங்க. நான் அடுத்த வண்டில வர்றேன்" என்றேன்.

அவள் போனாள்.

செந்தாயில் அன்று எங்கள் நிகழ்ச்சி இருந்த சிறிய காப்பிக் கடையின் கதவைத் திறந்தபோது மதோகா பாடிக்கொண்டிருந்தாள். எங்கள் பாட்டு. என் நாற்காலியில் குட்டை முடி வைத்த ஒருத்தி கிட்டாருடன் உட்கார்ந்திருந்தாள். அன்று எங்களுக்கு அடுத்து வாசிக்க வேண்டியவள். அவள் காலருகே சின்னப் பயணப்பெட்டி அளவில் ஓர் ஆம்ப். அதிலிருந்து வந்த ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் தயங்கி, பிறகு விரிந்தது. பழைய ஒலித்தட்டுகளில் கேட்கும் வால்வுச் சத்தம். அவ்வளவு சின்னப் பெட்டியிலிருந்து அது வரும் என்று நான் நினைத்ததில்லை.

என் ஆம்பைக் கதவோரம் வைத்துவிட்டு நின்றேன். கடைக்காரர் கதவைச் சாத்தும்படி சைகை காட்டினார்.

பாட்டு முடிந்ததும் மதோகா சொன்னாள்: "இவ சிகுசா. நீ வராததால உட்கார வெச்சேன். காப்பாத்திட்டா."

சிகுசா எழுந்து குனிந்து வணங்கினாள். "உங்க வாசிப்ப எல்லாம் குளறிட்டேன். மன்னிச்சுடுங்க."

அவள் எதையும் குளறவில்லை. குளறியிருந்தால் அவளை எனக்குப் பிடித்திருக்கும்.

நிகழ்ச்சி முடிந்து அவள் கிளம்பினாள். ஒரு கையில் ஆம்ப். இன்னொரு கையில் குடை. மழையில் சிரமமில்லாமல் நடந்து போனாள்.

ஜூலை மாதம் கோயென்ஜியில் நாங்கள் வழக்கமாகப் போகும் உணவகத்தில் மதோகா உட்கார்ந்திருந்தாள். கோடைக்கான மலிவுச் சீட்டு விற்பனைக்கு வரப்போகிறது. வடக்கே அவோமோரி வரை ஒன்பது ஊர்களில் நாங்கள் பாடக் கடை பேசி வைத்திருந்தாள். மெலன் சோடாவில் மிதந்த ஐஸ்கிரீமைக் கரண்டியால் அமுக்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இபுகி, ஒண்ணு கேக்கறேன். அந்த ஆம்ப் உனக்கு என்ன சொந்தக்காரனா?"

"ஏன்?"

"விட மாட்டேங்கறியே. நான் கல்யாணம் பண்ணினாக்கூட புருஷன இப்படித் தூக்கிட்டு அலைய மாட்டேன்."

"அதோட சத்தம்..."

"சத்தம் எனக்கும் தெரியும். காலேஜ்ல இருந்து அதுக்கு முன்னாடிதான நின்னு பாடறேன்." கரண்டியை வைத்தாள். "குரோயிசோல திரும்ப அப்படி நடந்தா என்னால தாங்க முடியாது. லேசா ஒண்ணு பாரு. வர்ற ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்கு எடுத்துட்டு வா. அன்னிக்கு சாயங்காலம் எல்லாக் கடைக்கும் யார் யார் வர்றோம்னு பேர் அனுப்பணும்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா சிகுசாவக் கேப்பேன். அவளுக்கு ஆகஸ்ட் காலியாத்தான் இருக்கு."

ஆகஸ்ட் காலி என்பது மதோகாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்றுதானே அர்த்தம். வீடு போகும்வரை அதைத்தான் யோசித்தேன். எத்தனை தடவை பேசியிருப்பார்கள்? என்னைப் பற்றியும் பேசினார்களா? தள்ளுவண்டிச் சக்கரத்தை நினைத்து இருவரும் சிரித்திருப்பார்களா?

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பௌதிகம் படித்தேன். அளக்க முடிந்த எதுவும் எனக்குப் பயம் தராது. அந்தச் சத்தத்தையும் அளந்துவிடலாம் என்று தோன்றியது. செந்தாயில் யாரோ எடுத்துப் போட்டிருந்த படத்தைக் கைபேசியில் பெரிதாக்கி, சிகுசாவின் ஆம்பில் இருந்த பெயரைப் படித்தேன். அமெரிக்காவில் ஏதோ சிறிய பட்டறை. பைன் மரப்பெட்டி, ஒன்பது கிலோ.

சனிக்கிழமை ஓச்சானோமிசுவுக்குப் போனேன். சரிவுத் தெரு முழுக்கக் கிட்டார் கடைகள். அங்கே ஆம்ப் வாங்குவதென்றால் வாசித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடைக்காரர் கிட்டாரைச் சுருதி சேர்த்துக் கொடுப்பார், ஆம்பை முடுக்குவார், பிறகு இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சுற்றிலும் பையன்கள் மின்னல் வேகத்தில் வாசித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு மேடையை விட இது பயம். நான் எப்போதும் சுவரைப் பார்த்து உட்காருவேன்.

அங்கிருந்தவரின் சட்டையில் குராமோச்சி என்று பெயர் இருந்தது. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார்.

"லேசா இருக்கணும். ஆனா வால்வுச் சத்தம் வேணும்."

"எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. ரெண்டும் சேர்ந்து வந்தா நான் மொத ஆளா வாங்கிடுவேன்."

முதலில் ஒன்றைக் கொடுத்தார். உள்ளே வால்வு கிடையாது, சில்லு மட்டும். நாலு கிலோ. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மெல்லத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் அதே முகம் காட்டியது. அடுத்து ஐந்து வாட் வால்வு ஆம்ப். படுக்கையறைக்குப் போதும். மதோகாவின் குரலுக்கு அடியில் காணாமல் போய்விடும்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வாசிங்க. எனக்கே கேக்கல" என்றார் அவர்.

நான் வாசிக்கவில்லை. பட்டறையின் பெயரைச் சொன்னேன்.

"அட, அது ஒண்ணு இருக்கு. நேத்துதான் வந்துச்சு."

அதே பைன் பெட்டி. அதே தோல் கைப்பிடி. செருகினேன், தொட்டேன். கடினமான, பளிச்சென்ற சத்தம் வந்தது. குமிழ்களைத் திருப்பிப் பார்த்தேன். மெல்லத் தொட்டால் கேட்டது, அழுத்தினால் பதில் சொன்னது. நல்ல ஆம்ப். ஆனால் சிகுசாவின் சத்தம் இல்லை. தயக்கம் இல்லை, விரிதல் இல்லை.

"இது அந்த மாடல்தானா?"

"இதேதான். வேற மாடலே அவங்க பண்றதில்ல."

அப்படியானால் அது அவள் விரல்கள். ஆம்ப் என்றால் வாங்கிவிடலாம். விரல்களை எங்கே போய் வாங்குவது? அந்தச் சின்னச் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, மழையில் குடை பிடித்துக்கொண்டு, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு போனாளே. அவளுக்கு அவ்வளவும் சும்மா கிடைத்திருந்தது.

கிட்டாரைத் திருப்பிக் கொடுக்கக் குனிந்தபோதுதான் தரையில் அதைப் பார்த்தேன். ஆம்பின் கம்பி சுவருக்குப் போகவில்லை. நடுவில் ஓர் இரும்புப் பெட்டி. அதன் முள் 117 வோல்ட்டில் நின்றது.

எங்கள் நாட்டில் சுவரில் வருவது நூறு வோல்ட்தான். அமெரிக்க ஆம்ப் கேட்பது அதைவிட அதிகம். முறைப்படி டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஏற்ற வேண்டும். கடை முறைப்படி செய்திருக்கிறது. செந்தாய்ப் படத்தில் சிகுசாவின் காலருகே இரும்புப் பெட்டி இருந்ததா? கைபேசியை எடுத்துப் பார்த்தேன். இல்லை. கம்பி நேராகச் சுவருக்குப் போனது. குறைந்த மின்சாரத்தில் வால்வுகள் அரைப்பசியில் வேலை செய்யும். சுரத்தின் முனை மழுங்கும். பிறகு மெல்ல வீங்கும். அவளுக்கு இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

"இத நேரா சுவத்துல செருகிக் காட்ட முடியுமா?"

குராமோச்சி தயங்கினார். "கடையில அப்படிப் பண்றதில்ல. கெட்டுப்போகாது. ஆனா அது ஆம்போட நிஜமான சத்தம் இல்லையே."

"ஒரு நிமிஷம் மட்டும்."

அவர் மாற்றிச் செருகினார். வால்வுகள் சூடாகக் காத்திருந்தேன். தொட்டேன்.

அதே சத்தம். செந்தாயில் கதவோரம் நின்று நான் கேட்ட சத்தம். விரல்கள் இல்லை, சுவர். வெறும் சுவர். ஒரு கடையில் முதல்முறையாக நான் பலமாக வாசித்தேன். பக்கத்துப் பையன் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"இப்ப நல்லாக் கேக்குது" என்றார் குராமோச்சி. "வாங்கறதா இருந்தா டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எடுத்துக்கோங்க."

"அது வேணாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை அறைக்கு ஆம்பை ஒரு கையில் தூக்கிக்கொண்டு போனேன். இன்னொரு கை வெறுமனே தொங்கியது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மதோகா பெட்டியைச் சுற்றி வந்தாள். "இவ்ளோதானா? வாசி பாப்போம்."

வாசித்தேன். அவள் முகம் மலர்ந்தது. "ஐயையோ, இபுகி. அப்படியே சிகுசா."

நான் இதைத்தான் விரும்பினேன். கேட்டதும் ஏன் வலித்தது என்று புரியவில்லை. அவள் கண் என்மேல் இல்லை, பெட்டிமேல் இருந்தது. ஒன்பது கிலோ மரத்தைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன்.

பாட்டை ஆரம்பித்தோம். இரண்டாம் அடிக்கு முன்னால் நான் ஒற்றைச் சுரம் வைப்பேன். அதில்தான் அவள் மூச்செடுத்து நுழைவாள். சுரத்தை வைத்தேன். அவள் நுழையவில்லை. ஒரு துடிப்பு தள்ளி வந்தாள், தடுமாறினாள், நிறுத்தினாள்.

"தூங்கிட்டேன் போல. மறுபடி."

மறுபடியும் தவறினாள். மூன்றாம் முறை கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"எங்கடி இருக்க நீ?"

"இங்கதான்."

"இல்ல. நீ எப்பத் தொடறன்னு எனக்குக் கேக்கவே இல்ல. உன் பழைய பெட்டில அந்தச் சுரம் கதவத் தட்டற மாதிரி வரும். தட்டினதும் நான் உள்ள வருவேன். இதுல யாரும் தட்டல. தானா தொறந்துக்குது."

"சிகுசாவோட மட்டும் எப்படிச் சரியா வந்தீங்க?"

"அவ தலைய ஆட்டிக் காட்டுவா. என்னைப் பாத்து சிரிச்சுக்கிட்டே." மதோகா தண்ணீர் குடித்தாள். "நீ என்னைக்கு என்னை நிமிந்து பாத்திருக்க? இத்தனை வருஷமா உன் உச்சந்தலையப் பாத்துத்தான பாடிட்டு இருக்கேன்."

அவள் கைபேசி மேசைமேல் கிடந்தது. சாயங்காலம் பேர் அனுப்ப வேண்டும். தலையாட்டவும் சிரிக்கவும் தெரிந்தவளுக்குத்தான் அந்தச் சத்தம் சரிப்படும். நான் அதைத் தேடிப் பிடித்து, அளந்து, வாங்கி, என் கையாலேயே சிகுசாவை அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தேன்.

"ரெண்டு நிமிஷம்" என்று வெளியே போனேன். வாசல் மேசையில் இருந்த ஒத்திகைக் கூடத்துக்காரரிடம் டிரான்ஸ்ஃபார்மர் இருக்குமா என்று கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டேன். மேசைக்கு அடியிலிருந்து தூசி படிந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

இரும்புப் பெட்டியை நடுவில் வைத்துச் செருகினேன். சுரத்தை வைத்தேன். தட்டியது.

மதோகா உள்ளே வந்தாள். பாட்டு கடைசிவரை போனது. இரண்டாம் அடியில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப் பார்த்தாள். "என்ன இது, செங்கல்லா?"

"மூணு கிலோ. இது கூடவே வரணும்."

"ஆம்ப், கிட்டார், இந்தச் செங்கல். குரோயிசோல ஓடிடுவியா?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். "செங்கல் இல்லாம ஓடுவேன். அதோட முடியாது."

அவள் யோசித்தாள். பிறகு கைபேசியை எடுத்து எதையோ தட்டினாள். நீட்டிக் காட்டினாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது.

"செங்கல் என் பையில. துணிமணியக் கொறைச்சுக்கறேன். உன்னால ஒன்பது ஊருக்கும் ஒரே சட்டைலதான் பாடப்போறேன்."

அங்கிருந்தே நேராக ஓச்சானோமிசு போய்ச் சொந்தமாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினோம். சிகுசாவின் ஆம்புக்கு அது இல்லை என்பதை வழியில் மதோகாவிடம் சொல்லியிருந்தேன். குராமோச்சி ஏன் என்று கேட்கவில்லை. பெட்டியை மதோகாதான் தூக்கிக்கொண்டாள். சரிவில் ஏறும்போது அதன் கைப்பிடி விரலை அறுக்கிறது என்று புலம்பினாள். சிகுசாவுக்காக யாரும் எதையும் தூக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"சிகுசாகிட்டயும் சொல்லணும்" என்றாள். "பாவம், தெரியாமலே நேரா சுவத்துல மாட்டிக்கிட்டு இருக்கா. அவளும் ஒண்ணு வாங்கட்டும்."

"வேணாம்."

சற்று வேகமாகச் சொல்லிவிட்டேன். "அவங்களுக்கு அந்தச் சத்தம் அப்படியே நல்லா இருக்கு. மாத்தினா கெட்டுப்போயிடும்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. இருந்தாலும் மதோகா நின்று என்னைப் பார்த்தாள்.

"பொறாமையா?"

"ஆமா" என்றேன், அவள் முகத்தைப் பார்த்து.

அவள் சிரித்தாள். "சரி, சொல்லல. நில்லு, கை மாத்திக்கறேன்."

நின்றேன்.