திரையில் தைத்த போர்வை

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் ஒரு காலத்தில் அழுதார்கள். இப்போது சார்ஜர் கேட்கிறார்கள். கொத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டார். அடுத்தவனைச் சொல்வானேன், அவர் மனைவி உள்ளறையில் பிணமாகக் கிடக்க, பெற்ற மகளே முன்னறையில் தையல் மெஷினோடு ஒட்டிய கம்ப்யூட்டர் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. தான் கடைசியாக ஒட்டுப்போட்ட போர்வையைத்தான் தன்மேல் போர்த்த வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மேல்துணி, பஞ்சு, அடித்துணி எல்லாவற்றையும் கட்டில் நீளத்துக்கு இருந்த மெஷின் சட்டத்தில் ஏற்றி இழுத்துக் கட்டியும் வைத்துவிட்டாள். சேர்த்துத் தைப்பதற்குள் விடியற்காலையில் ஆள் போய்விட்டாள். மதியம் மயானத்துக்குக் கொண்டுபோக வண்டி வந்துவிடும். மகளுக்கோ அந்த மெஷினில் ஆனா ஆவன்னா தெரியாது. ஒரு கையில் பாடம் ஓடும் போன், மறு கையில் துணி. ஆகவே திரையைத் தட்டும் வேலை கொத்தனார் தலையில் விழுந்தது.

‘பேட்டர்ன்’ என்றால் தைக்க வேண்டிய டிசைனாம். அச்சு என்று வைத்துக்கொண்டார். ‘ஸ்டார்ட் பாயிண்ட்’ ஊசி முதலில் இறங்கும் இடம், மூலைக்கல். ‘சேஃப் ஏரியா’ ஊசி தாண்டக்கூடாத எல்லை.

“காம்பவுண்டு சுவருன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான. தாண்டாதுன்னு என்ன நிச்சயம்?”

“தாண்டாதுப்பா.”

“சுவர் எழுப்பினவன் நான். ஏறிக் குதிச்சவனையும் பாத்திருக்கேன்.”

யாரோ கூப்பிட, மகள் உள்ளே போனாள். கொத்தனார் கண்ணில் பட்ட பொத்தானைத் தட்டினார். திரையில் ஒரு சிவப்புக் கோடு கிளம்பியது. இலை இலையாக வளைந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் போர்வை முழுக்க ஓடி நின்றது. அவருக்கே கொஞ்சம் பெருமையாகிவிட்டது. வாசலுக்குப் போய், தைத்து முடித்தாயிற்று, வண்டியை வரச் சொல் என்று மச்சினனிடம் சொன்னார். அவனும் போன் போட்டுவிட்டு, போர்வையை எடுக்க வந்தான். மேலே தடவினான், குனிந்து அடியிலும் பார்த்தான்.

“அத்தான், துணியில ஊசி குத்தின ஓட்டைகூட இல்லையே.”

ஓடிவந்த மகள் திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். அது பிரிவியூ, எப்படித் தைக்கப்போகிறது என்று முன்கூட்டிக் காட்டுவது என்றாள்.

“தைக்காததத் தைச்சதாக் காட்டினா அதுக்கு வேற பேரு இருக்கு,” என்றார் கொத்தனார். “வேலையே பாக்காம பில்லு குடுத்த காண்ட்ராக்டர் ஒருத்தன் இருந்தான். அவன் தம்பி போல இது.”

மச்சினன் சிரித்துவிட்டான். அழுது வீங்கிய முகத்தோடு மகளும் சிரித்தாள். என்னவோ ஏதோவென்று உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தவர்களுக்கும் விஷயம் தெரிந்து, அவர்களும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அதற்குள் வண்டி வாசலில் நின்றது. டிரைவருக்கு அடுத்த சவாரி காத்திருந்தது. ஏதாவது ஒரு நல்ல பெட்ஷீட்டைப் போர்த்திவிடலாமே என்று மச்சினன் மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

“ஒங்க அக்கா பெட்ஷீட்டா கேட்டா?” என்றார் கொத்தனார்.

டிரைவரை முன்னறைக்கே கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்து, கையில் டீயைக் கொடுத்தார். மகள் சரியான பொத்தானைத் தட்டினாள். ஊசி கடகடவென்று இறங்கியது. சட்டத்தின் மேல் தானாக ஓடிய மெஷின் தலையோடு கூடவே கொத்தனாரும் அங்குமிங்கும் நடந்தார். ஊசி ஓரத்தை நெருங்கும்போதெல்லாம் துணியின் விளிம்பில் உள்ளங்கையை அணைகட்டியதுபோல் வைத்தார். ஊசி கைவரைக்கும் வரவில்லை. தன்பாட்டில் திரும்பிப் போயிற்று. அப்போதும் அவர் கையை எடுக்கவில்லை. டிரைவர் டீயை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

போர்வையை அவரேதான் போர்த்தினார். கழுத்துவரை இழுத்துவிட்டு, ஓரத்துத் தையலைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பிப் பார்த்தார். பிரியவில்லை. இன்னோரிடத்திலும் நெம்பினார்.

“இப்பவாவது நம்புறீங்களாப்பா?”

“ஒரு தடவ துவைச்சுப் பாத்தாத்தான் தெரியும்,” என்று சொல்லிவிட்டு, வண்டிக் கதவைத் திறக்கச் சொல்ல வெளியே நடந்தார்.