சம்பந்திக்கு நாலு மார்க்

எலிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது ஆய்வுக்கூடத்தின் சட்டம். அங்கே எலிகளைக் கவனித்துக்கொள்ளும் ஆராய்ச்சி மாணவியை எல்லோரும் எலியக்கா என்றார்கள். எலியக்கா சட்டத்தை மீறவில்லை. பெயர் வைக்காமல் உறவுமுறை வைத்தாள். உள்ளங்கையில் ஏறிச் சொகுசாக உட்கார்ந்துகொள்ளும் எலி மாப்பிள்ளை. கையை நீட்டினாலே கடிப்பது சம்பந்தி.

இரண்டுக்கும் தண்டுவடத்தில் அடி. கர்ப்பிணிகளின் உடம்பில் பெருகும் ஒரு ஹார்மோன், அடிபட்ட இடத்து நரம்பணுக்களைச் சாகாமல் காக்குமா என்பது கேள்வி. பாதி எலிகளுக்கு நல்லெண்ணெயில் கலந்த ஹார்மோன் ஊசி, மீதிக்கு வெறும் நல்லெண்ணெய். எதற்கு எது என்ற பட்டியல் பேராசிரியையின் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. பின்னங்கால் நடையைப் பார்த்து இருபத்தொன்றுக்கு மார்க் போடுவது எலியக்காவின் வேலை.

மாப்பிள்ளைக்குப் போனது ஹார்மோன்தான் என்று அவள் மனசு அடித்துச் சொன்னது. சொல்லாமல் என்ன செய்யும்? வீட்டில் தம்பி தண்டுவடத்தில் அடிபட்டு மூன்று வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறான். இந்த மருந்து பலித்தே தீரவேண்டும் அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை எலிகள் நடக்கும் வீடியோக்களை வீட்டில் வைத்துப் பார்த்தாள். தம்பி சக்கரத்தை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"இவர்தான் மாப்பிள்ளையா? எவ்வளவு போட்டிருக்கே?"

"பதினொண்ணு. எவ்வளவு அழகா அடி எடுத்து வைக்கிறார் பாரு."

"எங்க வைக்கிறார்? இழுத்துட்டுப் போறார். இந்த வித்தையில எனக்கு மூணு வருஷ சர்வீஸ், என்கிட்டயே கதை விடுறியா? மூணு போட்டா ஜாஸ்தி."

அவளுக்குச் சுருக்கென்றது. அவன் விடவில்லை.

"அந்தச் சம்பந்தி பாதத்தைத் தட்டையா ஊன்றி உடம்பைத் தாங்குறாரு. அவருக்கு ஏன் நாலு? கடிச்சதுக்கு அபராதமா?"

ஒன்பது தடவை ஓட்டிப் பார்த்தாள். அவன் சொன்னதுதான் சரி. மறுநாள் காலையில் பேராசிரியையிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புவித்தாள்.

"உறவுமுறை வச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார் அவர். வேறு மாடியிலிருந்து இரண்டு பேரை வரவழைத்து எல்லா எலிகளுக்கும் புதிதாக மார்க் போடச் சொன்னார்.

சோதனை முடிந்து உயிர்விட்ட எலிகளின் தண்டுவடங்கள் மெல்லிய சீவல்களாக நுண்ணோக்கிக்கு வந்தன. எலியக்கா மாப்பிள்ளைக்கும் அழுதாள், சம்பந்திக்கும் அழுதாள். பிறகு அலமாரியைத் திறந்தார்கள். சம்பந்திக்குத்தான் ஹார்மோன், நரம்பணுக்களும் அதற்கே அதிகம் மிஞ்சியிருந்தன. மாப்பிள்ளைக்குப் போனது வெறும் நல்லெண்ணெய். அவள் போட்ட மார்க் நின்றிருந்தால், அவள் வேண்டி நின்ற மருந்தை அவளே உதவாக்கரை என்று ஒதுக்கியிருப்பாள்.

வீட்டில் இதைக் கேட்டுவிட்டுத் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"கடிச்சாத்தான் நடை வரும்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்ல. கையைக் குடு."

கொடுத்தாள். வலிக்காமல் ஒரு கடி கடித்துவிட்டு, "இப்ப எனக்கு எத்தனை மார்க்?" என்றான்.

எலியக்கா குனிந்து அவன் கால்களைப் பார்த்தாள். நாற்காலி மிதியில் இரண்டு பாதங்களும் வைத்தது வைத்தபடி இருந்தன. உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"பூஜ்யம்."

"அப்படிச் சொல்லு," என்றான் தம்பி. "இனிமே நீ போடுற மார்க்கை நம்பலாம்."