ஹாஸ்கெட்டின் மொட்டைத் தலையில் எடுத்த மின்சாரம்

பைபிளின் மேல் கை வைத்துச் சொல்கிறேன். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டியதில்லை.

விண்வெளி நிலையத்துக்கு வரும் மின்சாரத்தை ஹூஸ்டனில் உட்கார்ந்து பங்கு போடுவதுதான் என் உத்தியோகம். மேலே தனியாக இருந்தவன் டூயி ஹாஸ்கெட். ஆகஸ்டில் ஒருநாள் சூரியத் தகடுகள் திரும்பாமல் சிக்கிக்கொண்டன. வெயில் ஓரத்தில் மட்டும் பட்டது. அவனை அழைத்துவரும் கலம் வெள்ளிக்கிழமை போகும். பேட்டரி புதன் வரைதான் தாங்கும்.

ஹீட்டரை அணைத்தேன்.

"டேய் ஆர்வில், உறையுதுடா! அங்க ஏசியை நிறுத்தினியா?"

"வெளிய புழுக்கம்டா. ஏசி குளிருக்கு நாங்களே ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்கோம்."

"நல்லா இருங்கடா!"

ஹாஸ்கெட் தினமும் தலையை மழிப்பவன். குளிர் தாங்காமல் வெயில் விழும் ஜன்னலில் மண்டையை முட்டுக்கொடுத்துக் கிடந்தான். இங்கே என் மீட்டரில் முள் துள்ளியது.

"டூயி, அசையாத! உன் மண்டை வெளிச்சம் தகட்டுல அடிக்குது."

"சாகப்போறவன்கிட்ட கிண்டலா?"

மேலதிகாரி லொரெட்டா மைக்கைப் பிடுங்கினார். "ஹாஸ்கெட், கொஞ்சம் இடப்பக்கம் சாயுங்க. காது மறைக்குது."

"சரி மேடம்."

கணக்குப் போட்டோம். தலை அப்படியே இருந்தால் வெள்ளிக்கிழமை காலைவரை ஓடும். கலம் வருவதோ மாலையில். அந்த அரைநாளுக்காகத் தேடித் தேடி, ஒன்றுக்கும் உதவாத ஒரு பிளக்கை அணைத்தேன். அதில்தான் அவனுடைய, முடியை உறிஞ்சிக்கொள்ளும் சவர மெஷின் மாட்டியிருந்தது.

மறுநாள் முள் இறங்கியது.

"டூயி, தலையை எடுத்துட்டியா?"

"இல்லடா. தடவிப் பாத்தேன், சொரசொரங்குது."

பிளக்கை மறுபடி போடப் பார்த்தேன். மேலே குளிரில் சுவிட்ச் விறைத்து அசையவில்லை. வெட்டிய முடி மிதந்து மூக்கில் ஏறும் என்று மேலே பிளேடு கொடுத்தனுப்புவதில்லை. பளபளப்புக்காக, கறிக்குத் தடவும் பார்பிக்யூ சாஸைத் தலையில் பூசிக்கொண்டான். முள் இன்னும் இறங்கியது.

"எங்கப்பாவுக்கு எழுபது வயசுலயும் ஒரு முடி கொட்டலடா," என்றான். "ஊரே பொறாமைப்படும். எங்க குடும்பத்து முடி, சட்டுனு வளந்துரும்."

வியாழன் காலை, அவன் மூச்சுக்குக் காற்றைத் தள்ளிய விசிறியும் நின்றது. லொரெட்டா ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கலம் சொன்னபடி வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது. கதவைத் திறந்துவிட ஆளில்லை.

அந்த வாரம் மின்சாரத்தை மிச்சப்படுத்த, ஹீட்டருக்கும் முன்னால் நான் அணைத்தது அவனோடு பேசும் வானொலியை. அதை மறுபடி போடவே இல்லை.